வலி நிவாரணம், பாலியேட்டிவ் கேர், ஃபார்மசி மாணவர்கள்: வட சென்னைப் பிள்ளைகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்து, ஃபார்ம்.டி. (ஆறு வருட ஃபார்மசி படிப்பு) முடித்து, இப்போது ஒரு மருத்துவமனையில் கிளினிக்கல் ஃபார்மசிஸ்டாக இருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஒரு வீட்டுப் பராமரிப்புக் குழுவோடு காசிமேடு, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் போய்வருவேன். கூட வரும் மாணவர்களும், வர ஆசைப்பட்டுத் தயங்குகிறவர்களும், அவர்களுடைய அம்மா அப்பாக்களும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பிக் கட்டுப்படியாகவில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுகிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. 'ஸ்டூடண்ட் லீடர் ஆகுங்கள்' என்று பிள்ளைகளிடம் நான் அடிக்கடி சொல்வதால் அதைப் பற்றியும் ஒன்று உண்டு.

அக்கா, பாலியேட்டிவ் கேர்னா சாகப்போறவங்களுக்குக் குடுக்குறதுதானே?

கடைசி நாட்களும் அதில் உண்டு. ஆனால் அது மட்டும்தான் என்று நினைத்துத்தான் பாதிப் பேர் கிட்டவே வருவதில்லை. கடுமையான நோயோடு வாழ்கிற ஒருவருக்கு வலி, மூச்சுத்திணறல், வாந்தி, மலச்சிக்கல், தூக்கமின்மை, பயம், அவரைப் பார்த்துக்கொள்கிற வீட்டாரின் அசதி, எல்லாவற்றையும் கவனிப்பதுதான் பாலியேட்டிவ் கேர். தமிழ்நாடு அரசின் அறிவிப்புகளில் இதை 'நோய் ஆதரவு சிகிச்சை' என்று பார்ப்பீர்கள். புற்றுநோய்க்கு கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் சேர்த்துக் கொடுக்கலாம். சிறுநீரகம் செயலிழந்தவர், பக்கவாதத்தில் படுத்தவர், இதயம் பலவீனமானவர் எல்லோருக்கும் இதில் இடமுண்டு.

லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (கடைசிக்கட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் 'முழு வலி' என்ற ஒன்றைச் சொன்னார். உடம்பு வலியோடு மனக்கஷ்டம், குடும்பக் கவலை, பணக் கவலை எல்லாம் கலந்து ஒரே வலியாக ஆகிவிடும் என்பது அதன் சாரம். படகுக்கு வாங்கிய கடன் பாதியில் நிற்க, வீட்டுக்காரர் தொண்டையில் கட்டியோடு படுத்திருக்கும் ஒரு வீட்டுக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தால், அவர் சொன்னது விளக்கமே இல்லாமல் புரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வருடத்துக்கு 5.68 கோடி பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது, கிடைப்பது அதில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான்.

சரி, அதுல ஃபார்மசி படிக்கிற பசங்களுக்கு என்ன வேலை? டாக்டர், நர்ஸ் இருக்காங்களே?

ஒரு நோயாளியின் மருந்துக் கவரைத் தரையில் கொட்டிப் பாருங்கள், உங்கள் வேலை அங்கேயே கிடக்கும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எழுதியது, பக்கத்துத் தெரு கிளினிக்கில் எழுதியது, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியது, நாட்டு மருந்துக் கடைப் பொட்டலம், போன வருடத்து மிச்சம், எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பாரசிட்டமால் மூன்று வெவ்வேறு பெயர்களில் இருக்கும். மூன்றையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற எல்லையைத் தாண்டிவிடும், ஒல்லியாகிப் போன நோயாளிக்கு அந்த 4 கிராமே அதிகம். டாக்டர் பார்ப்பது அவர் எழுதிய சீட்டைத்தான். கவரைப் பார்க்க ஒருவர் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1986-ல் புற்றுநோய் வலிக்கு மூன்று படி ஏணி ஒன்றைக் கொடுத்தது. முதல் படியில் பாரசிட்டமால் வகை, அடுத்ததில் கோடீன் போன்ற லேசான ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து), மூன்றாவதில் மார்ஃபின். முடிந்தவரை வாய்வழியாக, வலி வந்த பிறகு என்றில்லாமல் மணி பார்த்து, ஆளுக்குத் தக்கபடி. 2018-ல் வந்த வழிகாட்டுதல் ஏணியை ஒரு பொதுவான வழித்துணையாக மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்கிறது, ஆனால் 'மணி பார்த்து' என்பது அப்படியே நிற்கிறது. அந்த மணிக்கு அந்த மாத்திரை உள்ளே போகிறதா என்று பார்ப்பது முழுக்க முழுக்க நம் தொழில். நோயாளிக்கு மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வது ஃபார்மசிஸ்டின் கடமை என்று 2015-ன் பார்மசி பிராக்டிஸ் ஒழுங்குமுறையே சொல்கிறது.

'ஸ்டூடண்ட் லீடர்'னு சொல்றீங்களே, அது என்ன போஸ்ட்? சர்டிபிகேட் தருவாங்களா?

போஸ்ட் உள்ள இடங்களும் உண்டு, அதைக் கீழே சொல்கிறேன். நான் சொல்வது வேறு. ஒரு குழுவில் ஏதாவது ஒரு வேலை யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும், அதை எடுத்து 'இது இனிமேல் என் பொறுப்பு' என்று சொல்லி அடுத்த வாரமும் வந்து நிற்கிற பிள்ளையைத்தான் நான் தலைவர் என்கிறேன். எங்கள் குழுவில் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி யாரும் கேட்காமலே மருந்து அட்டவணையைத் தமிழில், படத்தோடு எழுத ஆரம்பித்தாள். சூரியன் உதிக்கிற படம், தட்டில் சோறு, நிலா. இப்போது நர்ஸ் சிஸ்டர் புது வீட்டுக்குப் போகுமுன் அவளிடம்தான் அட்டை வாங்கிக்கொண்டு போகிறார். அவளுக்கு எந்தப் பதவியும் யாரும் கொடுக்கவில்லை.

சர்டிபிகேட் சில அமைப்புகள் தரும். மணிக்கணக்கைக் குறித்து வையுங்கள், மேற்பார்வை செய்கிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள், பின்னால் உதவும். ஆனால் அதற்காக மட்டும் வருகிறவர்கள் இரண்டாவது மாதம் நின்றுவிடுவார்கள். அதில் கஷ்டப்படுவது, போன வாரம் 'வரேன் தாத்தா' என்று அவர்கள் சொல்லிவிட்டு வந்த வீடு.

நான் டி.ஃபார்ம்தான் படிக்கிறேன். ஃபார்ம்.டி. பசங்களுக்குத்தான் வார்டெல்லாம். எனக்கும் உண்டா?

தாராளமாக உண்டு. டி.ஃபார்ம் என்ற டிப்ளமாவை முடிக்க 500 மணி நேர நடைமுறைப் பயிற்சி வேண்டும், அதை மருத்துவமனை மருந்தகத்தில் செய்தால் வலி மருந்துகள் எப்படி வருகின்றன, எப்படிப் பூட்டி வைக்கிறார்கள், கணக்கு எப்படி எழுதுகிறார்கள் என்று மற்றவர்களைவிட நெருக்கமாகப் பார்ப்பீர்கள். பி.ஃபார்ம் பிள்ளைகள் கடைசி செமஸ்டர் புராஜெக்டை இந்தத் துறையில் எடுக்கலாம். ஃபார்ம்.டி.யில் ஐந்தாம் ஆண்டு வார்டில் நின்று கற்கும் கிளர்க்‌ஷிப்பும் ஆறாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பும் இருக்கின்றன. இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதம் மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். அந்த மூன்றில் ஒன்றாகப் புற்றுநோய்த் துறையையோ மயக்கவியலையோ கேட்டுப் பாருங்கள், வலி கிளினிக்கைப் பெரும்பாலும் மயக்கவியல் டாக்டர்கள்தான் நடத்துகிறார்கள்.

முதலாம் ஆண்டிலேயே வரலாமா என்றும் கேட்கிறார்கள். வரலாம். மருந்து தெரியாவிட்டாலும் தமிழ் தெரியுமே, அதற்கும் ஒரு பெரிய வேலை வைத்திருக்கிறேன், கீழே வரும்.

வட சென்னையில எங்க போய்க் கேக்குறது? எல்லாமே அடையாறு பக்கம்தானே இருக்கு?

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் 1954-லிருந்து இருக்கிறது, அதனால் அப்படித் தோன்றுகிறது. நம் பக்கம் மாத்தூரில் ஜீவோதயா ஹாஸ்பிஸ் இருக்கிறது, முற்றிய புற்றுநோயாளிகளை இலவசமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். மணலி, மாதவரம் பிள்ளைகளுக்கு அது வீட்டுப் பக்கம். தனியாகப் போய் வாசலில் நிற்காமல் கல்லூரிக் கடிதத்தோடு போங்கள், நோயாளிகள் இருக்கும் இடம் அது.

இன்னொரு வாசல், பலர் கவனிக்காதது, உங்கள் வார்டில் இருக்கும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே வரும் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. அந்தத் திட்டத்தில் வரும் நர்ஸ் எத்தனை வீடு ஏறி இறங்குகிறார் என்று ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தாலே, எங்கே ஒரு கை குறைகிறது என்று தெரிந்துவிடும். மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேட்பது கல்லூரி மூலம் இருக்கட்டும்.

எங்க காலேஜ்ல யாருக்குமே இது தெரியாது. எப்படி ஆரம்பிக்கிறது?

நான் படித்தபோது செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். கல்லூரியில் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டுப் பெரிய பேனர் அடித்து, போஸ்டர் போட்டி, பேச்சுப் போட்டி, விருந்தினர் என்று ஒரு நாள் முழுக்க நிகழ்ச்சி நடத்தினோம். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஒரே ஒரு நோயாளியின் வீட்டுக்குக்கூட அந்த வருடம் யாரும் போகவில்லை. அனுமதிக் கடிதத்தைத் தவறான மேசைக்குக் கொடுத்துவிட்டு நான்கு மாதம் காத்துக்கொண்டிருந்தோம், கடைசியில் தேர்வு வந்துவிட்டது.

இப்போது நான் சொல்வது இது. நான்கைந்து பேர் போதும். பார்மசி பிராக்டிஸ் துறையில் ஒரு ஆசிரியரை முதலில் பிடியுங்கள், கடிதம் அவர் பெயரில் போகட்டும், யாருக்கு எழுத வேண்டும் என்று அவருக்குத் தெரியும். நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தால் அதன் கீழ் வந்தால் பயணத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒரு பொறுப்பு கிடைக்கும். நோயாளி வீட்டுக்குப் போகுமுன் இரண்டு மாதம் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள்: ஒரு வாரம் மார்ஃபின், ஒரு வாரம் மலச்சிக்கல், ஒரு வாரம் நரம்பு வலி. நிகழ்ச்சி நடத்தியே தீரணும் என்றால் அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக ஹாஸ்பிஸ், பாலியேட்டிவ் கேர் நாள், நவம்பர் மூன்றாம் வாரம் தேசிய பார்மசி வாரம். அந்த நாட்களில் செய்யுங்கள், பேனர் இல்லாமலே செய்யலாம்.

முதல் நாள் ஒரு வீட்டுக்குப் போறேன். நான் என்ன பண்ணணும்? பேசவே பயமா இருக்கு.

முதல் நாள் பேசவே வேண்டாம், கேளுங்கள். வலி எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்லும்படி புத்தகத்தில் இருக்கும். நம் பாட்டிகளிடம் அது எடுபடாது. 'போன வாரத்துக்கு இப்ப எவ்வளவு இருக்கு?' என்று கேளுங்கள், 'கால்வாசி குறைஞ்சிருக்கு', 'அரைவாசி அப்படியேதான் இருக்கு' என்று தெளிவாக வரும். அப்புறம் எப்படிப்பட்ட வலி என்று அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள், அப்படியே, திருத்தாமல். 'எரியுது', 'கரண்ட் அடிச்ச மாதிரி சுருக்குன்னு இழுக்குது', 'மரத்துப்போய் எறும்பு ஊருது' என்றால் நரம்பு வலியாக இருக்கலாம், அதற்கு அமிட்ரிப்டிலின், கபாபென்டின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. 'முறுக்குது, விட்டு விட்டு வருது' என்றால் குடல் பக்கம். 'எலும்புக்குள்ள குடையுது' என்றால் எலும்பு. முதலாம் ஆண்டு பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றேனே, அது இந்த வார்த்தைகளைச் சேகரிப்பதுதான். எங்கள் நோட்டில் இப்போது நாற்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

காசிமேட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் மீதி புரியும். அந்த ஐயாவுக்கு மார்ஃபின் மாத்திரை காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதியிருந்தார்கள், இரவு மட்டும் இரண்டு மடங்கு, விடியும் வரை தாங்குவதற்காக. சாதாரண மார்ஃபின் மாத்திரை சுமார் நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும், அதனால் அது சரியான முறைதான். ஆனால் விடியற்காலையில் வலியில் கத்துகிறார் என்று அம்மா சொன்னார். கூட வந்த மாணவன், நான்காம் ஆண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டான்: 'நீங்க எத்தனை மணிக்குமா எழுந்திருப்பீங்க?' அவர் மூன்று மணிக்கு எழுந்து மீன் ஏலத்துக்குத் துறைமுகம் போகிறவர். திரும்ப வர ஒன்பது ஆகும். 6 மணி மாத்திரையைக் கொடுக்க வீட்டில் விழித்திருக்க யாருமே இல்லை. இரவு 10 மணி மாத்திரையும் எட்டு மணிக்கே அம்மா தூங்கிப்போவதால் பல நாள் விட்டுப்போயிருக்கிறது.

அவன் அங்கேயே நேரத்தை மாற்றிச் சொல்லவில்லை, அதுதான் முக்கியம். எழுதிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினான், நான் டாக்டருக்கு போன் போட்டேன், அவர் ஒத்துக்கொண்டார். விடியற்காலை 3 மணிக்கு அம்மா கிளம்புமுன், 7 மணிக்குப் பள்ளிக்கூடம் போகுமுன் பெரிய பேத்தி கையால், பிறகு 11, 3, இரவு 7 மணிக்கு அந்த இரட்டை மாத்திரை. பேத்திக்குப் பதினாறு வயது, மாத்திரை டப்பா பூட்டிய பீரோவில், ஒரு வேளைக்கு ஒன்று மட்டும் அம்மா வெளியே எடுத்து வைப்பார். அடுத்த வாரம் போனபோது ஐயா உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவன் இரண்டாவது கேள்வியையும் கேட்டான், 'வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?' எட்டு நாள். சாப்பாடே இல்லை, அதனால்தான் என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், மற்ற பக்கவிளைவுகள் பழகிவிட்டாலும் இது பழகாது. அதனால் பேதி மருந்தும் கூடவே எழுதப்பட வேண்டும், எழுதியது சாப்பிடப்படவும் வேண்டும். எழுதித்தான் இருந்தார்கள். 'வயத்த கலக்கிடும்'னு பயந்து அம்மா நிறுத்தி வைத்திருந்தார்.

மார்ஃபின் குடுத்தா அடிமை ஆயிடுவாங்களே? உயிருக்கே ஆபத்துன்னு எங்க பாட்டிக்கு வேண்டாம்னுட்டோம்.

உங்கள் பாட்டி வலியோடு இருந்திருப்பாரே என்று நினைத்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, உங்களைக் குறை சொல்லவில்லை, அப்படித்தான் எல்லோருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது. நாள்பட மார்ஃபின் எடுத்தால் உடம்பு அதற்குப் பழகும், திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வியர்வை வரும், அதனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இது உடல் பழக்கம். அடிமையாதல் என்பது கெடுதல் என்று தெரிந்தும் மருந்தைத் தேடித் தேடி ஓடுவது. வலிக்குச் சரியான அளவில், கண்காணிப்போடு எடுக்கும் புற்றுநோயாளிகளிடம் அதைக் காண்பது குறைவு. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முன்பே குடி, போதைப் பழக்கம் உள்ளவருக்குக் கூடுதல் கவனம் வேண்டும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், முகம் சுளிக்காமல்.

உயிருக்கு ஆபத்து வருவது அளவு தப்பும்போது. சிறுநீரகம் பலவீனமானவருக்கு மார்ஃபினின் சிதைபொருட்கள் உடம்பில் தேங்கும், தூக்கம் அதிகமாகும், மூச்சு மெதுவாகும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று பார்க்கிற பழக்கம் உங்களுக்கு வரவேண்டியது இதனால்தான். மார்ஃபின் 1977-ல் வந்த உலக சுகாதார நிறுவனத்தின் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருக்கிறது.

எங்க ஏரியாவுல வலி மாத்திரையைத் தண்ணில கரைச்சு ஊசி போட்டுக்குற பசங்க இருக்காங்க. நீங்க வலி மாத்திரை பத்தி கிளாஸ் எடுக்கச் சொல்றீங்க. இது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளையின் அண்ணனே அதில் மாட்டியவர், அதனால் யோசித்துத்தான் எழுதுகிறேன். நம் பக்கம் டேபென்டடால் போன்ற மாத்திரைகளைக் கரைத்து ஏற்றிக்கொள்வது உண்மை. மாத்திரையில் உள்ள மாவுப் பொருள் ரத்தக் குழாயை அடைக்கும், ஊசியைப் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி. டிரமடால் என்ற வலி மாத்திரை 2018-ல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது இதுபோன்ற தவறான பயன்பாட்டால்தான்.

அதற்காக, பக்கத்துச் சந்தில் தாடையில் புண்ணோடு படுத்திருக்கும் அம்மாவுக்கு வலி மருந்து போகக்கூடாதா? இரண்டையும் ஒரே ஆள் பேச முடியும், அந்த ஆள் ஃபார்மசி படித்தவர்தான். வீட்டில் மாத்திரையை எங்கே வைக்க வேண்டும், எத்தனை மீதி என்று எண்ணுவது எப்படி, யாருக்கும் 'ஒண்ணு குடு' என்று கொடுக்கக்கூடாது, இதெல்லாம் சொல்ல வேண்டும். அண்ணனைப் போன்றவர்களைப் போதை மறுவாழ்வுச் சிகிச்சைக்குக் கூட்டிப்போவதும் நம் வேலைதான். பேசாமல் இருந்தால் பயம் மட்டும்தான் பரவும், அந்தப் பயத்துக்கு முதலில் பலியாவது வலியில் கிடக்கும் நோயாளிதான்.

மார்ஃபின் ஏன் எல்லா மெடிக்கல்லயும் கிடைக்கல? அதுல நாங்க என்ன செய்ய முடியும்?

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிரிட்டு ஓபியம் எடுக்கும் நாடு இது. ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மருத்துவத்துக்கு மார்ஃபின் வாங்கவே பல துறைகளில் பல உரிமங்கள் வேண்டியிருந்தது, தண்டனைக்குப் பயந்து மருந்தகங்கள் ஒதுங்கிக்கொண்டன, பயன்பாடு மளமளவென்று சரிந்தது. கேரளாவின் பாலியேட்டிவ் கேர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் பல வருடம் போராடி 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகிய ஆறும் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' ஆயின. வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் உள்ள மருத்துவமனை, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரிடமே விண்ணப்பித்து 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' ஆகலாம்.

இதில் மாணவர் கைக்கு மாத்திரை வராது, வரவும் கூடாது. நோயாளி வீட்டுக்கு 'போற வழிதானே' என்று நீங்கள் பையில் எடுத்துப் போகாதீர்கள், யார் சொன்னாலும். ஆனால் இந்தச் சட்ட மாற்றம் நம் ஆட்கள் பலருக்கு இன்னும் தெரியாது, ஒரு மருத்துவமனை விண்ணப்பிக்கத் தயங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கும். விதிகளைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி உங்கள் ஆசிரியர் சரிபார்த்த பிறகு மருந்தகத்தில் கொடுங்கள். இரட்டைப் பூட்டு, தினசரி இருப்புக் கணக்கு எல்லாம் எப்படி நடக்கிறது என்று பயிற்சியின்போது கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

பேஷன்ட் இறந்துட்டாங்க, மாத்திரை மீதி இருக்கு. வேற ஏழைக்குக் குடுத்தா என்ன?

நல்ல மனசோடுதான் கேட்கிறீர்கள், ஆனால் கூடாது. கொடுத்த மருத்துவமனைக்கே வீட்டார் திருப்பிக் கொடுத்து, எண்ணி, பதிவில் எழுத வேண்டும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் என்றால் கழற்றியதிலும் மருந்து மிச்சமிருக்கும், ஒட்டும் பக்கம் உள்ளே இருக்கும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள்.

டாக்டர் எழுதினதுல தப்பு இருக்கிற மாதிரி தோணுது. நான் ஸ்டூடண்ட், எப்படிச் சொல்றது?

நோயாளி எதிரில் சொல்லாதீர்கள், உங்களை வழிநடத்தும் ஃபார்மசிஸ்டிடம் முதலில் சொல்லுங்கள். மூன்றே வாக்கியம்: நான் பார்த்தது இது, எனக்குக் கவலை இதனால், இதைச் செய்யலாமா என்று கேட்கிறேன். டிரமடாலும், மனச்சோர்வு மருந்தான எஸ்சிடலோபிராமும் ஒரே சீட்டில் இருந்ததை ஒரு பெண் இப்படித்தான் கொண்டுவந்தாள். செரோட்டோனின் என்ற மூளை ரசாயனம் அதிகமாகும் அபாயம், நோயாளிக்கு இரண்டு நாளாக நடுக்கம் வேறு. டாக்டர் டிரமடாலை மாற்றினார், அடுத்த ரவுண்ட்ஸில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லா டாக்டரும் அப்படி இருக்கமாட்டார்கள். சிலர் கோபப்படுவார்கள், சில முறை நீங்கள் சொன்னது தப்பாகவும் இருக்கும். எழுதி வைத்துக்கொண்டு போய்ப் படியுங்கள், அடுத்த முறை மறுபடியும் சொல்லுங்கள்.

நான் பார்த்த தாத்தா போய்ட்டாரு. எனக்குத் தூக்கமே வரல. நான் இதுக்கு லாயக்கில்லையா?

லாயக்குதான். அன்றைக்கே யாரிடமாவது பேசுங்கள், குழுவில், நள்ளிரவானாலும் எனக்கு போன் செய்யுங்கள். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: யாராவது இறந்தால் அடுத்த சனிக்கிழமை வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் அவரைப் பற்றி மட்டும் பேசுவோம், மருந்தைப் பற்றி இல்லை. ஒருவர் எப்போதும் வஞ்சிரம் பற்றியே பேசுவார், இன்னொருவர் எங்களுக்கு முறுக்கு எடுத்து வைத்திருப்பார். முடிந்தால் பதினாறாம் நாளுக்குப் பிறகு வீட்டுக்குப் போய் வாருங்கள், அந்த அம்மா உங்களை எதிர்பார்த்திருப்பார். ஒரு மாதம் ஓய்வு வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நேரத்தில் அட்டை எழுதுகிற வேலை, படிப்பு வட்டம் இருக்கிறது.

பெரிய அமைப்புகள்ல ஏதாவது பதவி? வெளிநாட்டுல எப்படி?

இந்திய பார்மசூட்டிகல் அசோசியேஷனுக்கு மாணவர் மன்றம் இருக்கிறது, 1949-ல் தொடங்கிய சர்வதேச பார்மசி மாணவர் கூட்டமைப்பில் இந்தியா சார்பில் அது உறுப்பு. நோயாளிக்கு விளக்கும் போட்டி, மாணவர் பரிமாற்றம் எல்லாம் அங்கே நடக்கும், பொறுப்புகளுக்குப் போட்டியிடலாம். இந்திய பாலியேட்டிவ் கேர் சங்கம் 1994-லிருந்து இருக்கிறது, அதன் வருடாந்திர மாநாட்டில் டாக்டர்களும் நர்ஸ்களும்தான் அதிகம், ஃபார்மசி மாணவர் ஒருவர் போஸ்டரோடு நின்றால் தனியாகத் தெரிவார். கேரளாவைப் பாருங்கள்: 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கியது, மலப்புறத்தில் அக்கம்பக்கத்துக்காரர்களே நடத்தும் வலையமைப்பாக வளர்ந்து, கல்லூரிப் பிள்ளைகளும் உள்ளே வந்தார்கள். ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவதே ஒரு பாடம்.

அமெரிக்காவில் இது தனித் துறை. வலி, பாலியேட்டிவ் கேர் ஃபார்மசிஸ்டுகளுக்கென்றே ஒரு சங்கம், படிப்பு முடித்த பின் இரண்டாம் ஆண்டு ரெசிடென்சி (மருத்துவமனைப் பயிற்சி), மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ஆன்லைன் முதுகலை என்று எல்லாம் உண்டு. இங்கிருந்து போய் அங்கே ஃபார்மசிஸ்டாக வேண்டுமென்றால் ஐந்து வருடப் பட்டம் கேட்பார்கள், அதனால் நான்கு வருட பி.ஃபார்ம் மட்டும் போதாது, ஃபார்ம்.டி. வேண்டும்.

இதுக்குன்னு இங்க வேலை இருக்கா அக்கா? வீட்ல கேக்குறாங்க.

'பாலியேட்டிவ் கேர் ஃபார்மசிஸ்ட்' என்று விளம்பரம் இங்கே வருவது அபூர்வம், மறைக்க விரும்பவில்லை. கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட், புற்றுநோய் மருத்துவமனை மருந்தகம், மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்பு, ஆசிரியர் வேலை என்று போகிறார்கள். அங்கெல்லாம் நேர்காணலில் அந்தக் காசிமேட்டுக் கேள்வியைப் போல ஒன்றைச் சொல்ல முடிந்த பிள்ளைக்கு வித்தியாசம் தெரிகிறது. வீட்டில் பணநெருக்கடி இருந்தால் முதலில் வேலை, சனிக்கிழமை எங்களோடு.

சீனியர்ஸ் போனதும் குழு கலைஞ்சிடுது. என்ன பண்றது?

ஒவ்வொரு பொறுப்புக்கும் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர் என்று ஜனவரியிலேயே சேர்த்துவிடுங்கள், ஏப்ரலில் தேர்வு நெருக்கத்தில் ஒப்படைத்தால் எதுவும் போய்ச் சேராது. யாரிடம் அனுமதி, எந்த மேசை, வலி வார்த்தைகள், எந்த வீட்டில் நாய் கடிக்கும் என்பது வரை ஒரே நோட்டில் இருக்கட்டும். நோயாளியின் பெயரும் நோயும் அதில் வேண்டாம், அது பராமரிப்புக் குழுவின் பதிவேட்டில் மட்டும். போட்டோவும் வேண்டாம், ஸ்டேட்டஸில் போட யாருக்கும் அனுமதி இல்லை, நோயாளியே சரி என்றாலும்.

இந்த சனிக்கிழமை வரலாமா?

கல்லூரிக் கடிதம் கையில் இருந்தால் வாருங்கள். காலை எட்டரைக்கு தண்டையார்பேட்டை மெட்ரோ வாசல். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், வீடுகளில் ஏதாவது கொடுத்தால் ஒரு வாய் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். எளிதில் கழற்றும் செருப்பு, சின்ன நோட்டு, தண்ணீர் பாட்டில். சென்ட் போடாதீர்கள், மல்லிகைப்பூவும் அன்றைக்கு வேண்டாம், குமட்டல் இருக்கிறவர்களுக்கு வாசனை தாங்காது.